ஒரே ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய்

சென்னையில் எந்தச் செஸ் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்தாலும் ஆறே மாதத்தில் அதன் வாயில் சில பெயர்கள் புழங்க ஆரம்பித்துவிடும். கிங்ஸ் இண்டியன், குயின்ஸ் இண்டியன், நிம்ஸோ இண்டியன், போகோ இண்டியன். வெள்ளை ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து வந்தால் கறுப்பு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு உலகம் சேர்த்துவைத்திருக்கும் விடைகளில் பல இந்தியாவின் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை வளர்த்தவர்கள் வியன்னாக்காரர்களும் ருஷ்யர்களும். அப்படியானால் இந்தியாவின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? சதுரங்கம் பிறந்த நாடு என்ற மரியாதைக்காக வைத்திருப்பார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பெயரைப் பற்றி யோசிக்காமலே பதினைந்து வருஷம் ஆடியவர்களும் உண்டு.

பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒரே ஓர் ஆள். கல்கத்தாவுக்கு வெளியே ஏதோ ஓர் ஊரிலிருந்து நகரத்துக்கு அழைத்துவரப்பட்ட பிராமணர் மகேஷ் சந்திர பந்தோபாத்யாய. ஆங்கிலப் பத்திரிகைகள் அவர் பெயரை மோஹிசுந்தர், மொஹஸ்சந்தர், பானர்ஜி, போனர்ஜி என்று இஷ்டத்துக்கு எழுதின. அலுத்துப்போனால் 'பிராமணர்' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்வுகளை அச்சடித்தன.

அவரைப் பற்றிப் பேசுமுன் எதிரே உட்கார்ந்தவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான் காக்ரேன், 1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இளவயதில் கடற்படையில் இருந்தார். பிறகு சட்டம் படித்தார். 1822-ல் செஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். 1824-ல் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே தபால் வழிப் போட்டி ஒன்று தொடங்கியது. இன்றைக்கும் 'ஸ்காட்ச்' என்று சொல்கிறோமே, அந்தத் தொடக்க முறைக்குப் பெயர் கொடுத்த போட்டி அதுதான். காக்ரேன் லண்டன் பக்கம் ஆடினார். போட்டி முடிவதற்குள் கல்கத்தாவில் வக்கீல் தொழில் பார்க்கக் கப்பலேறிவிட்டார். 1841-ல் விடுப்பில் ஊருக்குப் போனவர், அன்று ஐரோப்பாவிலேயே பலசாலி என்று பெயர் எடுத்துக்கொண்டிருந்த ஹோவர்ட் ஸ்டான்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். அதிகம் தோற்றார்தான். ஆனால் ஸ்டான்டனோடு சரிசமமாக உட்கார்ந்து அத்தனை ஆட்டம் ஆடும் தகுதி அன்று எத்தனை பேருக்கு இருந்தது?

இப்படிப்பட்டவர் திரும்பக் கல்கத்தா வந்தால் யாரோடு ஆடுவார்? அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் அவருக்கு ஈடாக மாட்டார்கள். ஒரு காயைக் கழற்றிவைத்துவிட்டு ஆடினாலும் அவர்தான் ஜெயிப்பார். பலசாலி இப்படித் தன் காயைக் குறைத்துக்கொண்டு ஆடுவது அந்தக் காலத்துக் கிளப் மரியாதைகளில் ஒன்று. கட்டாயம் என்றே சொல்லலாம். சரிசமமாக ஆடத்தக்க ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

அந்த ஒருவர் 1848-ல் கிடைத்தார். கல்கத்தா செஸ் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதிய கடிதம் 1850-ல் லண்டனின் 'செஸ் பிளேயர்ஸ் கிரானிகிள்' பத்திரிகையில் வந்தது. விஷயம் அதில் இருக்கிறது. மொஃபசல் பக்கம் அடிக்கடி போய்வரும் உறுப்பினர் ஒருவர், இதுவரை யாரிடமும் தோற்காத பிராமணர் ஒருவர் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டார். தேடிப் போனார். ஆடிப் பார்த்தார். ஆளைக் கல்கத்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து காக்ரேன் எதிரில் உட்காரவைத்தார். ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியதே 1854 ஆகஸ்டில்தான்; ஆக, 1848-ல் படகும் பல்லக்கும் மாட்டுவண்டியும்தான் வழி. ஒரு சதுரங்கக்காரருக்காக இவ்வளவு மெனக்கெட்ட அந்த உறுப்பினர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

காக்ரேன்தான் ஜெயித்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மகேஷ் சந்திரர் அதுவரை ஆடிப் பழகியிருந்தது வேறு விதியில்.

நாட்டுச் சதுரங்கம் என்று அப்போது ஆடிய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இரட்டைப் பாய்ச்சல் கிடையாது. ஆகவே பக்கத்தில் பாய்ந்து வந்த சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டும் விதிக்கும் வேலையில்லை. ராஜாவும் யானையும் இடம் மாற்றிக்கொண்டு கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, அதுவரை செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் சிப்பாய் இஷ்டப்படி ராணியாகிவிட முடியாது. எந்த நெடுவரிசையில் போய் நிற்கிறதோ அந்த இடத்துக்குரிய காயாகத்தான் மாறும். அதுவும் அந்தக் காய் ஒன்று ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால்தான். எதிராளியின் படை முழுக்கத் தீர்ந்து ராஜா மட்டும் தனியே நின்றால் அது முழு வெற்றி ஆகாது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சில இடங்களில் ஆட்டம் தொடங்கும்போதே, பாதிப் பலகையைத் தாண்டாமல், ஆளுக்குச் சில நகர்வுகளை ஒருசேர வைத்துக்கொள்வார்கள்.

வெற்றியிலும் தரம் பார்த்தார்கள். ராணியைக் கொண்டு மேட் வைப்பதில் பெருமை இல்லை. சிப்பாயால் மேட் வைத்தால்தான் பெருமை. 1814-ல் பம்பாயில் ஆங்கிலத்தில் அச்சான ஒரு சதுரங்க நூல் இதற்கு நல்ல சாட்சி. அதன் ஆசிரியர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரே ஊர்ப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறது: நம் தெற்கத்தி வைணவர். சமஸ்கிருதத்தில் தாம் எழுதியதை ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்பத் திருத்தி அவர் கொடுத்திருந்தார். குறிப்பிட்ட இந்தச் சிப்பாயால்தான் மேட் வைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைப் புதிர்கள் அதில் நிறைய. இரண்டு விதிகளையும் அறிந்தவர்கள் மகேஷ் சந்திரருக்கு முன்பே இந்த நாட்டில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எதிரே உட்கார்ந்து ஆடி, ஒவ்வொரு நகர்வையும் குறித்து லண்டனுக்கு அனுப்பிவைக்க ஒரு காக்ரேன் இல்லை.

ஐரோப்பிய விதி மட்டும் அன்று கல்லில் செதுக்கியதாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, எதிராளியை நகர இடமில்லாமல் முடக்கிப்போட்டவன் தோற்றவன். இன்றைக்கு அது சமன். இத்தாலிக்காரர்கள் தங்கள் பாணியில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில் வெட்டுவதை ஏற்கவில்லை. வெள்ளைதான் முதலில் ஆட வேண்டும் என்பதுகூட முடிவாகவில்லை. கடிகாரம் இல்லை. ஒரு நகர்வுக்கு ஒரு மணி நேரம் யோசித்தாலும் எதிரில் இருப்பவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இரட்டை முகக் கடிகாரம் பெரிய போட்டிக்கு வந்தது 1883-ல், லண்டனில். இன்று உலகமெங்கும் கடைகளில் கிடைக்கும் ஸ்டான்டன் காய்களே 1849-ல்தான் விற்பனைக்கு வந்தன. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதுதான் அநேகமாக எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே மரியாதை.

எந்தப் பலகை விளையாட்டுக்கும் இதே கதைதான். பாரசீகத்து நர்து ஆட்டத்தின் வழிவந்த பேக்கமன் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் காப்பிக் கடைகளில் உருண்டுகொண்டிருந்தது. பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டை 1920-களில் நியூயார்க் கிளப்புகளில் நுழைந்தது. பணம் பெரிதாகப் புரள ஆரம்பித்ததும் சண்டையும் வந்திருக்கும் போல. அந்த ஊர் ராக்கெட் அண்ட் டென்னிஸ் கிளப் 1931-ல் விதிகளை எழுதிவைத்தது. பகடை சாய்ந்து நின்றால் என்ன செய்வது, பலகைக்கு வெளியே விழுந்தால் என்ன செய்வது என்று எல்லாமே கணக்கானது அதற்குப் பிறகுதான். திண்ணையில் ஆடும்வரை வாய்ப்பேச்சே போதும். முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும்போதுதான் காகிதம் தேவைப்படுகிறது.

1848-ன் கல்கத்தாவில் எதிரெதிரே உட்கார்ந்த அந்த இரண்டு பேர் ஒரே நகரத்தின் இரண்டு உலகங்களைச் சேர்ந்தவர்கள். வடக்கே சித்பூர் பக்கம் கறுப்பர் நகரம். நடுவே சௌரங்கியை ஒட்டி வெள்ளையர் மாளிகைகள். அதற்கும் தெற்கே ஆதிகங்கைக் கரையில் காளிகாட். சௌரங்கி சாலையே ஒரு காலத்தில் காளிகாட்டுக்கு யாத்ரீகர்கள் நடந்துபோன பாதைதான். இன்று நாம் பார்க்கும் காளி கோயில் கட்டி முடிந்தது 1809-ல். அந்த வாசலில் பட்டுவா ஓவியர்கள் மில் காகிதத்தில் பட்டை பட்டையாக நிறம் தீட்டிச் சாமி படம் எழுதி விற்றார்கள். சாமியோடு பணக்காரப் பாபுக்களையும் விட்டுவைக்கவில்லை. ஹூக்கா பிடிக்கும் பாபு, வைப்பாட்டியின் காலடியில் கிடக்கும் பாபு என்று கிண்டல் தூள் பறக்கும். பாசாப் பகடையும் புறாவும் பட்டமும் பாபுக்களுக்கு அன்றாடம். வங்காள மொழியில் தாபா என்று சொல்லும் சதுரங்கமும் அப்படித்தான், பொழுதுபோகாதவர்களின் ஆட்டம் என்ற பெயரோடு. மகேஷ் சந்திரர் அந்த வகையறா அல்ல. வெளியூர்; நகரத்துப் பணக்காரர் பட்டியலில் இல்லாதவர். அவர் கையில் இருந்த மூலதனம் ஆட்டம் ஒன்றுதான்.

காக்ரேனின் ஆட்டத்தில் பொறுமைக்கு இடமில்லை. கிடைத்த கோடுகளையெல்லாம் திறந்துகொண்டு ராஜாவை நோக்கிப் பாய்வார். 1848-லேயே மகேஷ் சந்திரருக்கு எதிராக நாலாவது நகர்வில் ஒரு குதிரையைத் தூக்கி எதிரி ராஜாவின் பக்கத்துச் சிப்பாய்மேல் போட்டார். இரண்டு சிப்பாய்க்கு ஒரு குதிரை என்ற கணக்கு. ராஜா வெளியே இழுபட்டுவிடும், கோட்டை கட்ட முடியாது. அந்தப் பலிக்குக் காக்ரேன் கேம்பிட் என்றே பெயர். இன்றும் பெரிய ஆட்டக்காரர்கள் எப்போதாவது வம்புக்கு ஆடிப் பார்ப்பதுண்டு. கோட்டை கட்டும் பழக்கமே இல்லாமல் வளர்ந்த ஒருவருக்கு எதிரே, கோட்டையைப் பறிக்கும் பலி பிறந்திருக்கிறது. காக்ரேன் வேண்டுமென்றே அப்படிக் கணக்குப் போட்டார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை.

இனி மகேஷ் சந்திரர் பக்கம். அன்றைய ஐரோப்பாவில் நல்ல பிள்ளையின் ஆட்டம் என்றால் ராஜா சிப்பாய்க்கு ராஜா சிப்பாய். இருபக்கமும் இரண்டு கட்டம் பாய்ந்து நடுவில் முட்டிக்கொள்ள வேண்டும். நடுவை விட்டுக்கொடுத்தால் கோழை. மகேஷ் சந்திரர் நடுவுக்கு வரவே இல்லை. ராணி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அதனால் திறந்த பொந்தில் பிஷப்பைக் கொண்டுபோய் மூலையோரம் உட்காரவைத்தார். அவ்வளவுதான். மூலையிலிருந்து அந்த பிஷப் பலகையின் குறுக்கே கோணமாக, எதிரியின் நடுவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சிப்பாய் ஒரு கட்டத்துக்கு மேல் போகாது என்ற விதியில் வளர்ந்தவருக்கு இது இயல்பான தொடக்கம். நடுவைப் பிடிக்க ஓட்டப்பந்தயம் என்ற எண்ணமே அந்த விதியில் எழாது. விதி மாறியபோதும் கை பழையதையே செய்தது.

அந்தக் கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு ஆட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வெள்ளை காக்ரேன். கறுப்பு முதல் இரண்டு நகர்வும் ஒற்றைக் கட்டச் சிப்பாய்கள்; மூன்றாவது, மூலை பிஷப். காக்ரேன் விடுவாரா? நாலு சிப்பாய்களை வரிசையாக முன்னே தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டார். மகேஷ் சந்திரர் அதற்குள் ஐரோப்பிய முறைப்படி கோட்டை கட்டிக்கொண்டார். இன்னொரு பிஷப்பை வெளியே கொண்டுவந்து, வெள்ளை ராணிக்கு முன்னால் நின்ற குதிரையைக் குறிவைத்தார். அதற்கப்புறம் நடுவைத் தட்டினார். ஒன்பதாவது நகர்வில் தம் குதிரையை ஒரு சிப்பாய்க்காகக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. அந்தக் குதிரையை வெட்டிய வெள்ளைக் குதிரையை ஒரு சிப்பாய் விரட்டியது. இன்னொரு சிப்பாய் முன்னேறி வெள்ளையின் பிஷப்பையும் குதிரையையும் ஒரே சமயத்தில் மிரட்டியது. காக்ரேன் பதிலுக்குத் தம் குதிரையைப் பாயவிட்டு, கறுப்பு ராணியையே தாக்கினார். யாராக இருந்தாலும் ராணியை நகர்த்தியிருப்பார்கள். மகேஷ் சந்திரர் ராணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிப்பாயால் மற்றக் குதிரையை வெட்டினார். காக்ரேன் ராணியை எடுத்துக்கொண்டார். அந்தச் சிப்பாய் மறுபடி ஒரு சிப்பாயை வெட்டி யானையின் பக்கத்தில் போய் நின்றது. அது விலகியதால் பிஷப்பின் வழி திறந்தது. யானை தப்பி ஓடியது. பிஷப் வெள்ளை ராணியை வெட்டியது. பதினாலு நகர்வு முடிவதற்குள் இரண்டு ராணியும் காலி. கடைசியில் வெற்றி பிராமணருக்கு. இன்றைய கணினியில் ஓட்டிப் பார்த்தால் சில நகர்வுகளுக்குக் கீழே சிவப்புக் கோடு விழும். விழட்டும். ஒற்றைக் கட்டச் சிப்பாயோடு தொடங்குகிறவர் பயந்தாங்கொள்ளி என்று நினைத்த ஐரோப்பியனுக்கு அந்த ஆட்டம் போதுமான பதில்.

இன்று புத்தகங்கள் இதை கிங்ஸ் இண்டியனின் நாலு சிப்பாய்த் தாக்குதல் என்கின்றன.

1855-ல் இருவரும் ஆடிய இன்னோர் ஆட்டமும் தப்பாமல் பேசப்படும். அதில் கறுப்பு குதிரையை வெளியே எடுத்து, குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மூன்றாவது நகர்வில் ராணி சிப்பாயை இரண்டு கட்டம் பாயவிட்டது. கவனித்தீர்களா, இரண்டு கட்டம். ஏழு வருஷத்தில் மகேஷ் சந்திரர் புது விதியின் சலுகையையும் பழைய பழக்கத்தையும் ஒரே தொடக்கத்தில் கலந்துவிட்டிருந்தார். ஆட்டம் காக்ரேனுக்கு. கோட்டை வாசலில் குதிரையைப் பாய்ச்சி, இன்னும் மூன்றே நகர்வில் மேட் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்படிக் கணக்கிட்டு வாய்விட்டு அறிவிப்பது அந்தக் காலத்துக் கிளப்புகளில் ரசிக்கப்பட்ட வழக்கம்; இன்று அப்படிச் சொன்னால் நடுவர் முறைப்பார். அறுபத்தேழு வருஷம் கழித்து, 1922-ல், எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் என்ற வியன்னாக்காரர் அதே மூன்று நகர்வுகளை வைத்து அலெகினைத் தோற்கடித்தார். அதற்கு க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ் என்று பெயர் வந்தது. தோற்றாலும் முதலில் ஆடியவர் பெயரை வைக்கும் வழக்கம் செஸ்ஸில் கிடையாது போலிருக்கிறது.

இத்தனையும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் காக்ரேனின் குறிப்புப் பழக்கமும் லண்டன் பத்திரிகைகளும். ஸ்டான்டன் தம் பத்திரிகைகளில் கல்கத்தா ஆட்டங்களை வெளியிட்டார். மகேஷ் சந்திரர் மட்டுமல்ல, காக்ரேனோடு மோதிய இன்னொரு வங்காளி, சௌம்சர்ன் குட்டக் என்று ஆங்கிலத்தில் அச்சான ஷியாமாசரண் கடக்கின் ஆட்டங்களும் வந்தன. கல்கத்தா செஸ் கிளப்பை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. 1851-ல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசச் செஸ் போட்டிக்குக் கல்கத்தா கிளப் அனுப்பிய நன்கொடை 100 பவுன். தனிப்பட்ட முறையில் அதிகம் கொடுத்த நால்வரில் இருவர், காக்ரேனும் மார்ட்டனும், அந்தக் கிளப்பின் நிர்வாகிகள். ஆண்டர்சன் ஜெயித்துப் பேர் வாங்கிய அந்தப் போட்டியில் ஹூக்ளிக் கரைப் பணமும் இருந்தது.

ஆட்டங்கள் அச்சாயின, ஆனால் யாரும் பின்பற்றவில்லை. ஒழுங்கற்ற தொடக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் தள்ளிவைத்துவிட்டார்கள். காக்ரேன் 1869-ல் இந்தியாவை விட்டுப் போனார், 1878-ல் இறந்தார். 1884 வாக்கில் 'இண்டியன் டிஃபென்ஸ்' என்ற பெயர் அச்சில் தென்படுகிறது. பெயருக்குக் காரணம் கல்கத்தாவில் அந்த முறையை ஆடிய பிராமணர் என்றே அப்போது சொல்லியிருக்கிறார்கள். அதற்கடுத்த நாற்பது வருஷம் கிட்டத்தட்ட நிசப்தம்.

முதல் உலகப் போர் முடிந்து, எல்லாப் பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டபோது செஸ்ஸிலும் ஒரு கூட்டம் கிளம்பியது. நிம்ஸோவிச், ரேட்டி, க்ரூன்ஃபெல்ட். நடுவைச் சிப்பாயால் அடைத்துக்கொள்ளத் தேவையில்லை, தூரத்திலிருந்து காய்களால் குறிவைத்தாலே போதும் என்றார்கள். 1924-ல் நியூயார்க்கில் ரேட்டி மூலை பிஷப்போடு கபபிளாங்காவைத் தோற்கடித்தார். எட்டு வருஷமாக யாரிடமும் தோற்காத உலக சாம்பியன் அவர். இந்தக் கூட்டத்தின் முறைகளுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, அலமாரியில் தூசி படிந்து கிடந்த 'இண்டியன்' கைக்கு வந்தது. நிம்ஸோவோடு ஒட்டினார்கள், பொகோல்யூபோவ் பெயரைச் சுருக்கி ஒட்டினார்கள்.

பிலிப் சார்ஜன்ட் என்ற ஆங்கிலேயர் 1934-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். காக்ரேனோடு மகேஷ் சந்திரர் முதலானோர் ஆடிய ஆட்டங்களை ஐரோப்பியர்கள் படித்ததால்தான் இந்த முறைகள் பெரும்பாலும் வந்தன என்று எழுதினார். படிக்க நமக்கு இனிக்கிறது. ஆனால் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஜெர்மனியின் லூயிஸ் பால்சன் 1880-களிலேயே மூலை பிஷப்பை ஆடிப் பார்த்தவர். அவருக்குப் பின்னும் சிலர். ஒரே யோசனை வெவ்வேறு தலைகளில் தனித்தனியே முளைப்பது செஸ்ஸில் சகஜம். பெயர் மகேஷ் சந்திரருடையது என்பதில் சந்தேகமில்லை. அவர் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்பதில் எச்சரிக்கை நல்லது.

இந்தக் கதையில் கசப்பான பகுதி வேறொன்று. உலகம் இந்தியப் பெயரை வைத்துக்கொண்ட அதே காலத்தில் இந்திய விதி செத்துக்கொண்டிருந்தது. சத்யஜித் ராய் 1977-ல் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி' 1856-ல் நடக்கிற கதை. காக்ரேனும் மகேஷ் சந்திரரும் ஆடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டு. லக்னோவின் இரண்டு பிரபுக்கள் பொழுதன்றைக்கும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்க, கம்பெனி அவத் ராஜ்யத்தை விழுங்குகிறது. விருந்தாளியாக வரும் ஒருவர் வெள்ளைக்காரர் விதியை அவர்களுக்கு விளக்குவார்: சிப்பாய் இரண்டு கட்டம் போகுமாம், மந்திரி இடத்தில் ராணியாம், சிப்பாய் கடைசி வரை போனால் ராணியாகிவிடுமாம். ஆட்டம் சீக்கிரம் முடியுமாம். சீக்கிரம் முடிந்தால் அப்புறம் என்ன செய்வது என்ற குழப்பம் அவர்களுக்கு. கல்கத்தாக்காரரான ராய்க்கு இரண்டு விதிகளுக்கும் இடையிலிருந்த அரசியல் நன்றாகப் பிடிபட்டிருந்தது.

நாட்டு விதியில் வளர்ந்து ஐரோப்பிய விதிக்கு மாறிய இன்னொருவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபிலிருந்து 1929-ல் இங்கிலாந்து போய், அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்; 1932-லும் 33-லும் மறுபடி. ஹேஸ்டிங்ஸில் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். அவருக்குத் தொடக்கங்கள்தான் தகராறு. பத்து நகர்வு தாண்டிவிட்டால் அவரைப் பிடிக்க ஆளில்லை. சர்வதேசச் செஸ் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைக் கௌரவமாகக் கொடுத்தது 2024-ல், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து.

நம் பக்கத்தில் 1950-கள் வரையிலும், பல ஊர்களில் அதற்குப் பின்னும், ராஜா குதிரைத் தாவல் தாவிக்கொண்டுதான் இருந்தார். தேசிய சாம்பியன்ஷிப்பே 1955-ல்தான் ஏலூருவில் தொடங்கியது. 1961-ல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரன் சர்வதேச விதியைப் பரப்ப அலைந்தவர்களில் முக்கியமானவர். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் வந்தது. அங்கே பழகிய பையன் ஆனந்த் 1988-ல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இரண்டாவது, கல்கத்தாவின் திபியேந்து பருவா, 1991-ல். காளிகாட்டிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியே கிழக்கே போனால் வரும் கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில், மாலை வேளைகளில் பலகை விரித்து ஆடும் கூட்டம் இன்றும் உண்டு. சுற்றி நிற்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கிளப் மரியாதையைத் தவிர மற்ற விதிகள் எல்லாம் அங்கே சர்வதேசம்தான். தாபா ஆட்டத்தில் ஆலோசனை சொல்லாத வங்காளியை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

2013 நவம்பரில் உலக சாம்பியன்ஷிப் சென்னைக்கு வந்தது. ஒன்பதாவது ஆட்டம், 21-ம் தேதி. ஆனந்த் வெள்ளை, பின்தங்கியிருந்ததால் ஜெயித்தே ஆக வேண்டும். எதிரே உட்கார்ந்த கார்ல்சன் ஆடியது நிம்ஸோ இண்டியன். ஆனந்த் ராஜா பக்கம் சிப்பாய்களைப் படையெடுக்கவிட்டு, ராணியையும் கொண்டுபோய் மேட் மிரட்டலோடு நின்றார். மறுபக்கம் கார்ல்சனின் சிப்பாய் ஒன்று தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தேழாவது நகர்வில் அது கடைசி வரிசையைத் தொட்டு, செக்கோடு ராணியானது. அடுத்த நகர்வில் ஆனந்த் குதிரையைத் தவறாக வைத்தார். அதற்குக் கார்ல்சன் ஆடிய பதிலைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மறுநாள் பட்டமும் போனது. அந்தச் சிப்பாய் போய் நின்றது குதிரைக்குரிய கட்டம். கார்ல்சனின் ஒரு குதிரையும் அதற்குள் வெட்டுப்பட்டிருந்தது. மகேஷ் சந்திரரின் ஊர் விதிப்படி அது குதிரையாகத்தான் எழுந்திருக்க முடியும், செக்கும் விழுந்திருக்காது.